அவளுக்கு வந்த கேள்விகள், நான் எழுதிய பதில்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, ஆஸ்பத்திரியில் என் மனைவி உட்கார்ந்திருந்த அறையிலிருந்து என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

சொன்னது ஓர் இளம்பெண். பெயர் பிரியா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் அட்டையில் கிளிப் போட்ட தாள்கள். மரியாதையாகத்தான் சொன்னார். "சார், செத்த நேரம் வெளிய இருங்க. அம்மாட்ட மட்டும் கேக்கணும்."

எனக்குப் புரியவில்லை. அருள்மேரியைப் பற்றி யாராவது எதையாவது கேட்டு, பதில் சொல்ல நான் பக்கத்தில் இல்லாமல் இருந்தது எப்போது? இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு நாள் நினைவில் இல்லை. ரேஷன் கார்டு, பேங்க், ஆஸ்பத்திரி... எங்கும் நான்தான் சொல்வேன். அதுவும் தேதியோடு சொல்வேன்.

காரணம் என் தொழில். விதைப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை. நூறு நூறாக விதைகளை எண்ணி ஈரத் தாளில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட நாளில் பிரித்து, முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை, அழுகியது எத்தனை என்று எழுத வேண்டும். முப்பது வருடமாக இதே வேலை. பார்த்ததை எழுதுவேன், பார்க்காததை எழுத மாட்டேன். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருப்பதில்லை... டைரி. மழை பெய்தது, பால் திரிந்தது, அருள்மேரி இருமியது, எல்லாம் அதில் உண்டு.

விதை இதுவரை என்னிடம் பொய் சொன்னதில்லை. அதனால் எண்ணினால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்பி வந்தவன் நான்.

அருள்மேரிக்கு வந்திருப்பது அபூர்வமான நுரையீரல் நோய். பல்மனரி ஃபைப்ரோசிஸ். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய நுரையீரல், கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்காய் நார் மாதிரி இறுகிக்கொண்டே போகும். இறுகிய பகுதி திரும்ப இளகாது. ஏன் வந்தது? டாக்டருக்கும் தெரியவில்லை. அவள் பஞ்சு மில்லுக்குப் போனதில்லை, புகையிலை தொட்டதில்லை. இரண்டு வருடம் அலர்ஜி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். மூன்றாவது டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'சரியாகிவிடும்' என்ற வார்த்தையை யாரும் சொல்வதில்லை.

இப்போது பார்க்கும் டாக்டர் மதுரையிலிருந்து மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திண்டுக்கல் வருகிறார். நாற்பது வயதுப் பெண்மணி. அதட்டாமல் பேசுவார். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர்தான் அந்தத் தாளை முதன்முதலில் கொடுத்தார். நாற்பது கேள்விகள்.

"ஊதுற டெஸ்ட்டும் ஸ்கேனும் நோய அளக்கும் சார். இந்தத் தாள் அவங்க எப்படி வாழ்றாங்கன்னு அளக்கும். எனக்கு ரெண்டும் வேணும்" என்றார்.

எனக்கு அந்த யோசனை மிகவும் பிடித்திருந்தது. வாழ்க்கைக்கும் ஒரு மார்க்! ஆனால் ஒரு வித்தியாசம். இதில் மார்க் குறைந்தால்தான் பாஸ். பூஜ்யம் என்றால் ஒரு தொந்தரவும் இல்லை. நூறு என்றால் படுத்த படுக்கை.

அன்று அந்தத் தாளைக் கொடுத்த நர்ஸ் கூட்டத்தில் திணறிக்கொண்டிருந்தார். "நிரப்பிக் குடுங்க சார்" என்று என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். மேலே தடித்த எழுத்தில் 'நோயாளி தாமே நிரப்ப வேண்டும்' என்று போட்டிருந்தது. படித்தேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு மூக்குக்கண்ணாடி வீட்டில். என் சட்டைப் பையில் பேனா, பையில் டைரி. அவளும் சொன்னாள், "அவரு எல்லாத்தையும் எழுதி வச்சிருக்காரு. அவர்ட்டயே கேளுங்க."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கேள்விகள் வேறு ஏதோ ஊருக்காகத் தயாரித்தவை. 'மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா?' எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை. 'பொருந்தாது' என்று எழுதினேன். 'வீட்டு வேலை செய்யும்போது?' யோசித்தேன். நான் பார்த்தவரை எப்போதாவது ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். 'எப்போதாவது.' 'நடக்கும்போது?' டைரியைப் புரட்டினேன். தினமும் காலையில் என்னோடு இருபத்தைந்து நிமிடம் நடக்கிறாள். 'சிரமமில்லை.' 'உங்களுக்கு மிகவும் பிடித்த எதையாவது இந்த நோயால் விட்டுவிட்டீர்களா?' இதற்கு யோசிக்கவே இல்லை. கோயிலில் பாடுவதுதான் அவளுக்கு உயிர். ஒரு ஞாயிறுகூடப் பூசைக்குப் போகாமல் இருந்ததில்லை. 'இல்லை.'

ஒவ்வொரு பதிலுக்கும் என்னிடம் தேதி இருந்தது. யார் கேட்டாலும் காட்டியிருப்பேன்.

மொத்தம் இருபத்தொரு மார்க். டாக்டர் சந்தோஷப்பட்டார். ஊதும் டெஸ்டில் அளவு இரண்டுங்கெட்டானாக இருந்தது. அதனால் இந்தத் தாளை வைத்துத்தான் முடிவு எடுத்தார். நோயின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு. ஆனால் வயிற்றைப் புரட்டும், சாப்பாடு இறங்காது, உடம்பு இளைக்கும். "நல்லா வாழ்ந்துட்டிருக்காங்க. இப்பவே அந்த மாத்திரையக் குடுத்து அதக் கெடுக்க வேணாம். ஆறு மாசம் பாப்போம்" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரும் வழியில் அவளுக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன். பாஸ் ஆனதற்கு.

இப்போது மறுபடி செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

என்னை வெளியே அனுப்பினார்களே தவிர, அந்த அறைக்குக் கதவு கிடையாது. பிளைவுட் தடுப்பு, பச்சைத் திரை. வெளியே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று உட்காரவில்லை. காலியாக இருந்த பெஞ்சு அது ஒன்றுதான்.

முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிரியாவுக்கு எந்த ஊர் என்று இவள் கேட்கிறாள். செம்பட்டியாம். செம்பட்டியில் யார் வீடு, அங்கே முக்குக் கடையில் இன்னும் பருத்திப்பால் போடுகிறார்களா என்று விசாரணை. பாதி வாக்கியத்தில் இருமல் வந்து, அடங்கி, மீண்டும் பேச்சு. கேள்வி கேட்க வந்தது யார் என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் பிரியா, "அம்மா, நாற்பது கேள்வி இருக்கு. நீங்க என்னையவே கேட்டுக்கிட்டு இருந்தா எப்படி?" என்று சிரித்துவிட்டு ஆரம்பித்தார்.

வீடு பெருக்குவது, துடைப்பது பற்றிய கேள்வி. எப்போதும் இல்லை, எப்போதாவது, அடிக்கடி, எப்போதும் — இதில் எது?

பிறகு அருள்மேரியின் குரல். "ரெண்டு ரூம் கூட்டுறதுக்குள்ள நாலு எடத்துல உக்காருவேன். அவரு ஒம்பதரைக்கு ஆபீசு கெளம்பிருவாரு. பெறகுதான் வெளக்கமாத்தத் தொடுவேன். அவரு இருக்கும்போது கூட்டுனா, எத்தன தடவ உக்காந்தேன்னு எண்ணிருவாரு."

அப்போ 'எப்போதும்' என்று போடலாமா என்று பிரியா கேட்டார். போடச் சொன்னாள்.

சமையல். முன்பெல்லாம் மதியத்துக்கு இரண்டு வெஞ்சனம் வைப்பாள், ஒரு பொரியல், ஒரு கூட்டு. சில மாதமாக ஒன்றுதான். 'எளிய உணவு. வயதுக்கு நல்லது' என்று நான் டைரியில் பாராட்டி எழுதியிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் காரணம் வேறாக இருந்தது. தாளிக்கிற புகை தொண்டையில் பட்டால் அரைமணி நேரம் இருமல் நிற்காதாம். அதனால் தாளிப்பது ஒரே தடவை. அதுவும் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு.

நடப்பது. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடைக்கு நான் சாட்சி.

"காலையில அவரோட போவேன். முடியலேன்னா நிக்கணும்ல? சும்மா நின்னா என்னான்னு கேப்பாரு. அதனால பூக்கடையில நின்னு மல்லி என்ன வெலன்னு கேப்பேன். வாங்க மாட்டேன். தெனமும் கேப்பேன். அந்தப் பொம்பளைக்கே தெரிஞ்சுபோச்சு. இப்பல்லாம் என்னையப் பாத்தாலே ஸ்டூல எடுத்துப் போட்டுருது."

என் டைரியில் அந்த நாட்கள் எல்லாம் இருக்கின்றன. 'நடை 25 நிமிடம். வழியில் பேச்சு.' நடக்க வந்தால் நடக்க வேண்டும், ஊர்க்கதை பேசக் கூடாது என்று எத்தனை முறை முகத்தைச் சுளித்திருக்கிறேன்! தெருவில் பூ விற்கும் ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது, இருபத்தாறு வருடம் கூட இருந்தவனுக்குத் தெரியவில்லை.

அடுத்து, மிகவும் பிடித்த எதையாவது விட்டுவிட்டீர்களா என்ற கேள்வி.

"பாட்டுத்தான்" என்றாள்.

என் காதில்தான் தவறாக விழுந்ததோ என்று தோன்றியது. எங்கள் கோயிலில் பெண்கள் இடப்பக்கம், ஆண்கள் வலப்பக்கம். அவள் முன்பு பாடகர் குழுவில் இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன் சின்னப் பிள்ளைகள் பாடட்டும் என்று விலகி, மற்றப் பெண்களோடு கீழே வந்து நின்றுகொண்டாள். அங்கிருந்து பாடுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். நான் நிற்கும் இடத்திலிருந்து அவள் உதடுகள் அசைவது தெரியும். நூறு குரலில் அவள் குரல் எது என்று யார் பிரித்துக் கேட்பார்கள்?

"ஒரு வரி பாடுனா அடுத்த வரிக்கு மூச்சு இல்ல பாப்பா. வாய மட்டும் அசைப்பேன். பக்கத்துல நிக்கிறவளுக்குத் தெரியும். அவரு ஆம்பளைங்க பக்கம். அவருக்குத் தெரியாது."

பிரியா எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன். பேனா சத்தம் கேட்கவில்லை. "இதெல்லாம் சார்ட்ட சொல்ல வேண்டியதுதானம்மா?"

"சொன்னா எழுதிருவாரு."

"எழுதட்டுமே?"

"எழுதிட்டா நெசமாயிரும்ல."

நான் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை. எதிரே சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். மொத்தம் ஏழு படம். மூன்று முறை எண்ணினேன்.

டாக்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருந்தது. கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிற முறையைக் கவனித்திருக்கிறீர்களா? நோயாளி தனியாக வருவதில்லை. கூட ஒருவர் வருவார். அவர்தான் பேசுவார். நோயாளிக்கு எங்கே வலிக்கிறது, எப்போது பசித்தது, எத்தனை முறை வெளியே போனார்... எல்லாம் கூட வந்தவர் வாயில். நோயாளி ஏதோ கொண்டுவந்து வைத்த சாமான் மாதிரி பக்கத்தில் இருப்பார்.

பக்கத்துப் பெஞ்சில், அகரத்திலிருந்து வந்த ஒரு பெரியவரும் அவர் மகனும். நர்ஸ் பெரியவரைப் பார்த்துத்தான் கேட்டார், தூக்கம் எப்படி என்று. மகன் சொன்னார், "அப்பாவுக்குத் தூக்கமெல்லாம் பிரமாதமா இருக்கு."

பெரியவர் மேலே ஃபேனைப் பார்த்தபடியே கேட்டார். "ஏலே, தூங்குறது நானா, நீயா?"

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நர்ஸும் சிரித்தார். மகன், "செத்த சும்மா இருங்கப்பா" என்றார். நர்ஸ் 'தூக்கம்: நன்று' என்று எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

நான் சிரிக்கவில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அன்பாகத்தான் கூட வருகிறோம், லீவு போட்டு வருகிறோம். ஆனால் இன்னொருவரின் மூச்சை நாம் விட்டுப் பார்க்க முடியுமா? வெளியே இருந்து பார்த்தால் மார்பு ஏறி இறங்குவது தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் அழைத்தார். மேஜையில் இரண்டு தாள்கள். ஆறு மாதத்துக்கு முந்தையதில் என் கையெழுத்து. புதியதில் பிரியாவின் கையெழுத்து. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மாறியது.

"இருபத்தொண்ணுல இருந்து அம்பத்தெட்டா? என்னம்மா ஆச்சு? நடுவுல காய்ச்சல் வந்துச்சா? வேற எங்கயாவது அட்மிட் ஆனீங்களா?"

அருள்மேரி இல்லை என்று தலையசைத்தாள். டாக்டர் கவலையோடு என்னிடம் திரும்பி விளக்கினார். இந்த நோய் சிலருக்குத் திடீரென்று தீ மாதிரி பற்றிக்கொள்ளுமாம். ஆறு மாதத்தில் இவ்வளவு இறக்கம் என்றால் அப்படி இருக்கலாம். இன்றே அட்மிட் செய்து ஸ்டீராய்டு ஊசி போட வேண்டி வரலாம். அந்த ஊசிக்கும் அதன் வேலைகள் உண்டு, சர்க்கரை ஏறும், தொற்று வரும்.

நான் அருள்மேரியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டாக்டரிடம் சொன்னாள், "இல்ல டாக்டர்... அன்னைக்கி நல்லாத்தான் இருந்தேன். இப்பத்தான்."

என்னைக் காப்பாற்றுகிறாள்! அட்மிட் ஆனாலும் பரவாயில்லை, ஊசி போட்டாலும் பரவாயில்லை, கூட வந்தவன் தலைகுனியக் கூடாது. எனக்கு அந்த நிமிடம் விளங்கியது. இரண்டு வருடமாக இவள் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

"டாக்டர், முதல் தாளை எழுதினது நான்" என்றேன். "அவகிட்ட ஒரு கேள்விகூட நான் கேக்கல. டைரியப் பாத்து எழுதினேன்."

டாக்டர் பழைய தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை மறுபடி படித்தார். அதில் அடித்தல் திருத்தல் ஒன்றுகூடக் கிடையாது. பிறகு அருள்மேரியிடம், இதெல்லாம் அப்போதே இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உட்கார்ந்து உட்கார்ந்து கூட்டுவது? இருந்தது. பூக்கடை? போன வருடத்திலிருந்தே. பாட்டு? அது எல்லாவற்றுக்கும் முன்னால்.

அட்மிஷன் வேண்டியதில்லை என்று ஆனது. அது ஒன்றுதான் நல்ல செய்தி. புது ஊதும் டெஸ்டில் அளவு குறைந்திருந்தது. தீ மாதிரி இல்லை, அதன் வழக்கமான வேகத்தில். நடக்கும்போதும் வேலை செய்யும்போதும் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மெஷினுக்கு எழுதினார். அந்த மாத்திரையையும் எழுதினார்.

நான் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அன்னைக்கே சரியா எழுதியிருந்தா?"

"அன்னைக்கே ஆரம்பிச்சிருப்பேன் சார்." குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "இந்த மாத்திரை இருக்குறதக் காப்பாத்தும். போனதக் கொண்டுவராது."

ஆறு மாதம். அதில் எவ்வளவு நுரையீரல் போயிருக்கும் என்று கேட்க நினைத்தேன். அதற்கு யாரிடமும் அளவு இருக்காது.

வாசலில் ஆட்டோவுக்காக நின்றோம். அவளைச் சுவரோரம் கிடந்த சிமெண்ட் திண்டில் உட்காரச் சொன்னேன். மறுக்காமல் உட்கார்ந்தாள். அதுவே எனக்குப் புதிது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், வேறு என்னவெல்லாம் என்னிடம் சொல்லவில்லை என்று.

மூச்சு சமனாகும்வரை காத்திருந்தாள். "நாளைக்கு ஒண்ணாக் கேளுங்க. மொத்தமாக் கேட்டா மூச்சு வாங்கும்."

அப்படியே செய்கிறேன். தினமும் காலையில் ஒரு கேள்வி. குளிக்க வாளியைத் தூக்க முடிகிறதா? எந்தப் பக்கம் சாய்ந்தால் இருமல் குறைகிறது? இன்றைக்கு ஐந்தாவது நாள். கேட்பதற்கு முன் பதில் இதுவாகத்தான் இருக்கும் என்று மனதுக்குள் ஒன்று நினைத்துக்கொள்வேன், பழக்கதோஷம். ஐந்துக்கு ஐந்தும் தவறு.

இந்தப் பத்தியை அனுப்பும் முன் அவளிடம் வாசித்துக் காட்டினேன். பத்திரிகையில் போடலாமா என்றும் கேட்டேன். "போடுங்க. இனிமே எழுதுனா என்ன, எழுதாட்டி என்ன" என்றாள். ஒரு திருத்தம் மட்டும் சொன்னாள். பூக்காரி போடுவது ஸ்டூல் இல்லையாம், கவிழ்த்த பக்கெட்டாம். வாய் தவறி ஸ்டூல் என்று சொல்லிவிட்டாளாம்.

வாசகர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய அறிவுரை எதுவும் இல்லை. அடுத்த முறை வீட்டில் உள்ளவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால், டாக்டர் கேள்வி கேட்டதும் ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும்.

எனக்கு இன்னும் நிறையக் கேள்விகள் இருக்கின்றன. நாளைக்கு ஒன்றாக எத்தனை நாள் கேட்க முடியும் என்பதை மட்டும் டாக்டரிடம் நான் கேட்கவில்லை.